நெல்லுக்கு ஒரு மேம்பாலம் வேண்டி

பெறுநர்: சாலைப் பாதுகாப்புக்குப் பொறுப்பான உயர்திரு அதிகாரி அவர்கள்.
அனுப்புநர்: பேராவூரணியிலிருந்து பைக்கில் தனியாகப் புறப்பட்டவன்.
பொருள்: தனியாகப் போக முடியாமல் போனது தொடர்பாக.

ஐயா,

என் தம்பி மகன் கனடாவில், கால்கரியில் வேலை பார்க்கிறான். லீவு கிடைத்தால் காரை எடுத்துக்கொண்டு ஒற்றை ஆளாக ராக்கி மலைப் பக்கம் போய்விடுவான். லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பர் வரை 232 கிலோமீட்டர் சாலை. பெரும்பாலும் செல்போன் டவர் கிடையாது, நடுவில் ஊர் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. "பெரியப்பா, மணிக்கணக்கா ஒரு மனுசன் கண்ணுல படல" என்று பெருமையாகச் சொன்னான். மனுசன் கண்ணில் படாததில் என்னடா பெருமை என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனாலும் ஆசை பிடித்துக்கொண்டது.

பொங்கல் முடிந்த கையோடு எங்கள் ஊர் நீலகண்டப் பிள்ளையாருக்குச் சிதறுகாய் போட்டுவிட்டுக் கிளம்பினேன். பட்டுக்கோட்டை, மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் வழியாகக் கோடியக்கரை. தங்களுக்கு அது சாலைப் பாதுகாப்பு மாதம்; எங்களுக்குச் சம்பா அறுவடை. இரண்டையும் ஒரே சமயத்தில் வைத்தவர் யாரோ, நல்ல குறும்புக்காரர்.

என் தனிமை பட்டுக்கோட்டை வரைக்கும்கூடத் தாங்கவில்லை. டீக்கடையில் "எங்க போறிய?" என்றார் ஒருவர். சும்மாதான் என்றேன். "சும்மாவா? வீட்ல எதுவும் சண்டையா?" என்று பெஞ்சில் இடம் ஒதுக்கினார். அங்கிருந்து தப்பித்தால், ஒரு ஆத்தா கைகாட்டி நிறுத்தி, கேட்காமலே பின்னால் ஏறிக்கொண்டார். இறங்கும்வரை தன் மருமகளைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். கனடாவில் கரடியிடமிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது பூங்கா விதியாம். இங்கே ஆத்தாவிடமிருந்து எத்தனை மீட்டர் என்று தாங்கள் ஒரு சுற்றறிக்கை விட்டால் உதவியாக இருக்கும்.

மன்னார்குடி தாண்டியதும் சாலையில் பாதி மஞ்சளாகிவிட்டது. ஒரு பக்கம் முழுக்க நெல். ஓரத்தில் செங்கல், கருவேலங்கொப்பு, உடைந்த பிளாஸ்டிக் குடம் என்று எல்லை கட்டியிருந்தார்கள். பஸ் வந்தால் நான் வயலுக்குள் இறங்க வேண்டியதுதான். அதற்குச் சரியாக மேலே, "சாலையில் நெல் உலர்த்தாதீர்" என்று தாங்கள் வைத்த ஃப்ளெக்ஸ். நல்ல பெரிய ஃப்ளெக்ஸ் என்பதால் நல்ல நிழல். அந்த நிழலில் உட்கார்ந்துதான் ஒரு பெண் நெல்லுக்குக் காவல் இருந்தார்.

"ஓரமா போங்கண்ணே, நெல்லு மேல ஏத்திடாதிய" என்றார். எழுந்து வந்து, காலால் நீள நீளமாகக் கோடு இழுத்துக் கிளறிவிட்டார். ஒரு மணியை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தார். "இன்னும் ஒரு வெயில் வேணும். 17-க்கு மேல காட்டுனா எடுக்க மாட்டாங்க."

ஐயா, அந்த 17 பற்றித் தங்களுக்குத் தெரிந்திருக்கும். அரசு கொள்முதலுக்கு நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அறுத்துக் கட்டுக் கட்டி, களத்தில் போட்டு அடித்த காலத்தில் பாதி ஈரம் அங்கேயே போய்விடும். இப்போது மெஷின் காலையில் அறுத்து, அப்போதே டிராக்டரில் கொட்டிவிடுகிறது. பச்சை நெல். களம் இல்லாத ஊரில் அதை எங்கே காயப்போடுவது? மழை பெய்துவிட்டால் மாநிலம் 22 வரை தளர்த்தச் சொல்லி டெல்லிக்கு எழுதும், குழு வரும், மாதிரி எடுத்துப் போகும், உத்தரவு வரும். உத்தரவு வருவதற்குள் நெல் முளை விட்டுவிடும். அதற்கு விதி எதுவும் தெரியாது. ஆக, ஒரு விதி நெல்லைச் சாலைக்கு அனுப்புகிறது, இன்னொரு விதி சாலையிலிருந்து விரட்டுகிறது. இரண்டு விதியிலும் ஒரே சிங்கமுத்திரை.

இந்தப் பக்கத்துச் சாலைக்கு உத்தரவு புதிதல்ல. 1930-இல் ராஜாஜியும் தொண்டர்களும் உப்பெடுக்கத் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தபோது, அவர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் அறிவித்தார். ஜனங்கள் ஒன்றும் பேசவில்லை. சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரங்களில் கட்டித் தொங்கவிட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

ஒன்று மட்டும் தங்கள் பக்கம் நின்றே சொல்கிறேன். நெல்லை அள்ளிய பிறகு கற்களை அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்களே, அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். வேதாரண்யத்தை நெருங்குமுன் இருட்டிவிட்டது. விளக்கில்லாத சாலையில் கருப்புத் தார்ப்பாயும் கருங்கல்லும் எனக்குக் கடைசி நொடியில்தான் தெரிந்தன. இப்படி விழுந்து செத்தவர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. ஆனால் தங்கள் ஃப்ளெக்ஸும் இருட்டில் தெரியவில்லை.

ஆகவே என் கோரிக்கை. கனடாவில் பான்ஃப் பக்கம், நெடுஞ்சாலையைக் கரடியும் மானும் கடந்து போவதற்கென்று 1990-களிலேயே மேம்பாலம் கட்டி, மேலே மண் கொட்டி மரமும் நட்டிருக்கிறார்கள். கரடிகள் அந்தப் பாலத்தை நம்பி ஏறுவதற்குச் சில வருடங்கள் பிடித்ததாம். எங்கள் நெல்லுக்கும் ஒரு மேம்பாலம் கட்டிக் கொடுங்கள். திறப்பு விழாவுக்கு முதல் நாளே ஏறிவிடும். பாலத்துக்கு நிதி இல்லையென்றால், ஊருக்கு ஒரு சிமெண்ட் களமும் கொள்முதல் நிலையத்துக்கு ஓர் உலர்த்தும் மெஷினும் போதும். அது ரொம்பச் சாதாரணமான யோசனை என்பதால் கோப்பில் நகராது என்று எனக்கும் தெரியும். அதனால்தான் பாலம் கேட்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சாலையில் பாதியை மட்டும் பயன்படுத்தியவன்.

பி.கு.: திரும்பி வரும்போது மன்னார்குடிக்கு முன்னால் திடீர் மழை. அந்தப் பெண்ணும் அவர் வீட்டுக்காரரும் தங்கள் ஃப்ளெக்ஸை அவிழ்த்து நெல்லை மூடிவிட்டார்கள். மூடிய இடத்தில் ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. தலைமாட்டில் மட்டும் ஒரு முழம் பற்றவில்லை. அடுத்த வருடம் அச்சடிக்கும்போது சற்று நீளமாகச் சொல்லவும்.