விலை சொல்ல வாயில்லாத துறை

பள்ளிக்கூடப் பாடநூல் பொருளாதாரத்தை மூன்று வரியில் முடித்துவிடும். மண்ணிலிருந்து எடுப்பது முதன்மைத் துறை. எடுத்ததை ஆலையில் பண்டமாக்குவது இரண்டாம் துறை. அந்தப் பண்டத்தைச் சுமந்து, விற்று, கணக்கெழுதிக் காசு பார்ப்பது மூன்றாம் துறை. 1935-இல் ஆலன் ஃபிஷரும் 1940-இல் காலின் கிளார்க்கும் இந்தப் பாகப்பிரிவினையைப் பிரபலமாக்கினார்கள். நாடு முன்னேற முன்னேற, சனங்கள் வயலை விட்டு ஆலைக்கும் ஆலையை விட்டு அலுவலகத்துக்கும் ஏறிப்போவார்கள் என்பது கணிப்பு. பெரிய மனிதர்கள். ஒரே ஒரு மாங்காய் சீசனுக்குக் கிருஷ்ணகிரி வந்து தங்கியிருந்தால் மிச்சத்தையும் தெரிந்துகொண்டிருப்பார்கள்.

பாடம் நடத்த இதைவிடத் தோதான மாவட்டம் கிடையாது. காவேரிப்பட்டணம், பர்கூர், போச்சம்பள்ளிப் பக்கமெல்லாம் மாந்தோப்பு. கூப்பிடு தூரத்தில் மாங்கூழ் ஆலை. அங்கிருந்து வெளியே வந்தால் தேசிய நெடுஞ்சாலை 44, அதில் ஒரு சுங்கச்சாவடி. மூன்று துறையையும் சுற்றிக் காட்டிவிட்டுப் பிள்ளைகளை மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

முதன்மைத் துறையில் தொடங்குவோம். 2025 சீசனில் பெங்களூரா மாங்காய் கிலோ நாலு, ஐந்து ரூபாய்க்கு இறங்கியது. காய் பறிக்கிற கூலிக்கும் வண்டி வாடகைக்குமே அது காணாது. ஆலைத் தரப்பு சொன்ன காரணம்: போன வருஷக் கூழே விற்காமல் கிடக்கிறது. அவ்வளவு கூழ் பிழியச் சொல்லி விவசாயியா கேட்டார்? கணக்கைத் தப்பாகப் போட்டது இரண்டாம் துறை. அபராதம் கட்டியது முதன்மைத் துறை.

பக்கத்து வீடுகளில் என்ன நடந்தது? ஆந்திர அரசு கிலோவுக்கு 12 ரூபாய் என்று நிர்ணயித்தது: ஆலை 8, அரசு 4. கர்நாடகத்துக்கு, குவிண்டாலுக்கு 1,616 ரூபாய் என்ற சந்தைத் தலையீட்டு விலைக்கு ஒன்றிய அரசு ஒப்புதல் கொடுத்தது. ஆந்திரத்தின் சித்தூர் மாவட்ட நிர்வாகம் வெளிமாநிலப் பெங்களூராவுக்குக் கதவையே சாத்தியது. ஒரே நாடு, ஒரே சந்தை என்ற மேடைப்பேச்சு அந்தச் சோதனைச்சாவடியிலேயே இறங்கிக்கொண்டது. நடுவில் மாட்டிய கிருஷ்ணகிரிக்கு? டெல்லிக்குக் கடிதம் போனது. எதிர்க்கட்சி ஆர்ப்பாட்டம் நடந்தது. அறிக்கைகள் அமோக விளைச்சல். இதே ஊரில்தான் அகில இந்திய மாங்கனிக் கண்காட்சி என்று ஒன்று நடக்கிறது. அங்கே மாம்பழத்தை அடுக்கி வைத்து அழகு பார்ப்பார்கள், பெரியவர்கள் வந்து பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். விலையை மட்டும் எந்த அரங்கிலும் காட்சிக்கு வைப்பதில்லை.

அதே காய் ஆலை வாசலைத் தாண்டியதும் அதற்கு மரியாதை வந்துவிடுகிறது. காயாக இருக்கும்வரை ஜிஎஸ்டி பூஜ்யம். கூழானால் 12 சதவீதம். 2025 செப்டம்பரில்தான் மனமிரங்கி 5 என்றார்கள். அரசாங்கத்துக்கு எந்த வருஷமும் மகசூல் பொய்த்ததில்லை. பழ பானம் என்று சொல்லி விற்க, பழச்சாறு 10 சதவீதம் இருந்தால் போதும் என்கிறது உணவுப் பாதுகாப்பு விதி. மிச்சம் 90? தண்ணீர், சர்க்கரை, ஒரு நடிகை. அந்தப் பாட்டில்மேல் அதிகபட்ச விலை அச்சடித்திருக்கிறது. கடைக்காரரிடம் போய், "வரத்து ஜாஸ்தியாமே, இதை ரெண்டு ரூபாய்க்குத் தருவீங்களா?" என்று கேட்டால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். தோப்புக்காரர் மட்டும் மண்டி வாசலில் நின்று, "என்ன விலைக்கு எடுத்துக்குவீங்கண்ணா?" என்று கேட்கிறார். தான் விளைவித்ததன் விலையைப் பிறத்தியாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற அதிசயப் பிறவி.

இனி மூன்றாம் துறை. சாலைக்கு யார் விலை சொல்வது? 2008-ஆம் வருஷத்துக் கட்டண விதி சொல்கிறது. வருஷத்துக்கு 3 சதவீதம் தானாக ஏறும். மொத்த விலைக் குறியீடு ஏறினால் அந்த ஏற்றத்தில் 40 சதவீதமும் கூடச் சேரும். தை பிறந்தால் வழி பிறக்குமோ என்னவோ, ஏப்ரல் பிறந்தால் கட்டணம் பிறக்கும். நாலு ரூபாய் மாங்காய் ஏற்றிய லாரிக்குத் தள்ளுபடி கிடையாது. தார் ரோட்டுக்குப் பணவீக்கம் உண்டு; மாமரத்துக்குக் கிடையாது.

பெங்களூரு விமான நிலையம் இன்னும் கெட்டி. திறந்து 25 வருஷம் ஆகும்வரை, அதாவது 2033 வரை, 150 கிலோமீட்டருக்குள் போட்டி நிலையம் வரக் கூடாது என்பது ஒப்பந்தம். 2024 ஜூன் 27 அன்று, ஓசூரில் 2,000 ஏக்கரில் ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளுக்கான விமான நிலையம் என்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்ததே, அதற்குக் குறுக்கே இந்த வரியும் நிற்கிறது. ஒரு நிறுவனத்துக்காகச் சந்தையைக் கால் நூற்றாண்டு வேலி போட்டுக் காக்கலாம். மாங்காய்க்காரர் இரண்டு மாசத்துக்கு ஓர் ஆதரவு விலை கேட்டால் மட்டும், சந்தையில் தலையிடுவது பாவம் என்று பொருளாதார மேதைகளுக்கு ஞானம் பிறக்கும். சரி, வேலியைத் தாண்டி விமான நிலையம் வந்தே விட்டது என்று வையுங்கள். அந்த 2,000 ஏக்கர் வானத்திலிருந்தா இறங்கும்? முதன்மைத் துறையிடம் கேட்கும் கடைசி மகசூல், நிலம்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஆலை வந்ததால் ஓசூருக்குச் சோறு வந்தது. 1971-இல் உருவான சிப்காட், வானம் பார்த்த பூமியில் தொழிற்பேட்டை போட்டது. 1980-இல் அசோக் லேலண்ட் வந்தது. டிட்கோவும் டாடாவும் கூட்டுச் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன், கிராமத்துப் பிள்ளைகளைக் கைக்கடிகாரம் செய்ய வைத்தது. நிரந்தர வேலை என்ற பொருள் அன்று புழக்கத்தில் இருந்தது. இன்று சிப்காட் பேருந்து நிறுத்தத்தில் மாப்பிள்ளை விசாரிக்கிறவர்கள் முதலில் கேட்பது, "கம்பெனி ரோலா, காண்ட்ராக்டா?" என்பதுதான். ஒரே லைன், ஒரே ஸ்பேனர், ஒரே ஷிஃப்ட், சம்பளம் மட்டும் இரண்டு.

2022 நவம்பரில் ஒன்றிய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் ஓசூரில் வரும் ஐபோன் ஆலையைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார்: 60,000 பேருக்கு வேலை, அதில் முதல் 6,000 பேர் ராஞ்சி, ஹசாரிபாக் பக்கத்துப் பழங்குடிப் பெண்கள். அந்தப் பெண்கள் பிழைக்க வந்ததில் ஒரு குற்றமும் இல்லை. நிலக்கரியும் இரும்பும் கொட்டிக் கிடக்கிற சீமையில் அவர்களுக்கு வேலை இல்லாமல் போனதைப் பெருமைக் கணக்கில் எழுதுகிறார்களே, அதற்குத்தான் வயிறு எரிகிறது. ஊரை விட்டு அவ்வளவு தூரம் வந்தவர்கள் கூலிக்குப் பேரம் பேச மாட்டார்கள் என்பது எந்தத் தொழிற்பேட்டைக்கும் தெரிந்த கணக்கு.

பெங்களூருவின் சேவைத் துறை நமக்குப் பதிலுக்கு ஒன்றும் தருவதில்லை என்று சொல்லக் கூடாது. தென்பெண்ணை வழியாகத் தருகிறது. அந்த நகரத்துச் சாக்கடையும் ஆலைக் கழிவும் எல்லை தாண்டி வந்து கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்குகின்றன. தண்ணீர் திறந்துவிட்டால் நுரை சாலை வரை ஏறுகிறது. அதே தண்ணீர்தான் வயலுக்கும் பாய்கிறது. இதற்கு மட்டும் சுங்கம் இல்லை, ஜிஎஸ்டி இல்லை, எல்லையில் தடை இல்லை. இருபத்து நாலு மணி நேரமும் இலவச டெலிவரி.

ஏறிப்போவார்கள் என்றாரே கிளார்க்? ஏறித்தான் போகிறார்கள். அப்பா தோப்பில், மூத்தவன் போச்சம்பள்ளி சிப்காட்டில், இளையவன் பெங்களூருவில் பைக்கில் சாப்பாட்டுப் பொட்டலம் சுமக்கிறான். ஒரே ரேஷன் கார்டில் மூன்று துறை. அப்பாவின் காய்க்கு மண்டி விலை சொல்கிறது. மூத்தவன் கூலியைக் காண்ட்ராக்டர் சொல்கிறார். இளையவனின் ஒவ்வொரு நடைக்கும் செயலி சொல்கிறது. துறை மாறியது, வாய் மட்டும் யாருக்கும் முளைக்கவில்லை. 2023 அக்டோபர் 7 அன்று எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் பட்டாசுக் கிடங்கு எரிந்ததே, அதில் கருகியவர்களில் தீபாவளி சீசனுக்குக் கூலிக்குப் போன தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள், படிக்கிற வயசு. கிடங்கில் வைத்து விற்பது பாடநூல்படி மூன்றாம் துறை. ஏணியின் உச்சிப்படி அது.

எனவே ஆட்சியாளர்களே, ஒரு மனு. உங்கள் 2008 விதியில் சாலை என்று இருக்கும் இடத்தில் பெங்களூரா என்று எழுதுங்கள். மாமரம் பூக்கும் முன்பே அடிப்படை விலையை அரசிதழில் போடுங்கள். வருஷம் 3 சதவீதம், குறியீட்டு ஏற்றத்தில் 40 சதவீதம், அதே சூத்திரம். முடியாது, விலையைச் சந்தைதான் முடிவு செய்யும் என்கிறீர்களா? சந்தோஷம். அந்த நியாயத்தைக் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், நடத்திக் காட்டுங்கள். பொங்கலுக்கு முந்தின ராத்திரி பெங்களூருவிலிருந்து வண்டிகள் மைல் கணக்கில் வரிசைகட்டி நிற்குமே, அப்போது ஒலிபெருக்கியில் சொல்லுங்கள்: "இன்னைக்கு வரத்து அதிகம். கட்டணம் நாலு ரூபாய்தான்." சொல்லிவிட்டு வாங்க உங்க சந்தையைப் பற்றிப் பேச.