முதலாளியைக் காணவில்லை

பெயர்: முதலாளி. வயது: இருபதுக்கு மேல். நிறம்: நீலம். சொத்து: எண்ணி முடியவில்லை. கடைசியாகக் காணப்பட்ட இடம்: நைரோபியில் ஒரு அலுவலகத்தின் கணினித் திரை. காணாமல் போன நேரம்: ஒரு தொழிலாளி சம்பளத்தைப் பற்றி வாய் திறந்த நிமிடம். கண்டுபிடிப்பவர்கள் கென்யாவின் தொழிலாளர் நீதிமன்றத்துக்குத் தகவல் சொல்லவும். சன்மானம் கிடையாது. அதைக் கொடுக்க வேண்டியவரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

கென்யா இளைஞர்கள் இப்படி ஒரு விளம்பரம் கொடுத்திருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. தொழில்நுட்ப வளர்ச்சிக்காக 'சிலிக்கான் சவன்னா' என்று பட்டம் சூட்டப்பட்ட நாடு அது. அங்கே சாமா என்ற ஒப்பந்த நிறுவனம் ஃபேஸ்புக்குக்காக ஆள் எடுத்து, உட்காரவைத்து, வீடியோ பார்க்கவைத்தது. வீடியோ பார்க்கச் சம்பளமா, கொடுத்துவைத்தவர்கள் என்று பெருமூச்சு விடாதீர்கள். கழுத்தறுப்பு, தற்கொலை, குழந்தைகளுக்கு நடக்கும் வன்கொடுமை என்று அடுத்தடுத்து வரும். பார்த்து, வைக்கலாமா நீக்கலாமா என்று சொல்ல சராசரியாக 50 வினாடி. நாம் காலைக் காப்பியோடு பூனைக்குட்டியையும் பேரன் பிறந்தநாளையும் மட்டும் பார்க்க வேண்டுமென்றால், மீதியை வேறு வீட்டுப் பிள்ளை யாராவது பார்த்துத் தொலைக்க வேண்டுமே! இதற்கான கூலி மணிக்கு ஒன்றரை டாலர் வரை இறங்கியிருந்ததாக 'டைம்' இதழ் 2022 பிப்ரவரியில் எழுதியது.

இந்த வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தவர் டேனியல் மொடாங். அவர் பார்த்த முதல் வீடியோவே ஒரு தலை துண்டிப்பு. 2019இல் சக ஊழியர்களைச் சேர்த்துச் சங்கம் கட்டப் பார்த்தார், வேலை போயிற்று. 2022 மே மாதம் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா மீதும் சாமா மீதும் வழக்குப் போட்டார். மெட்டா சொன்ன பதிலைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டலாம்: நாங்கள் கென்யாவில் பதிவு செய்த நிறுவனம் இல்லை, எங்களை விசாரிக்க இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. கென்யாக்காரர் கையிலுள்ள போனில் ஃபேஸ்புக் இருக்கிறது. விளம்பரக் காசு போகிற வழி இருக்கிறது. அழுக்கை அள்ளுகிற ஆளும் இருக்கிறான். சம்மன் வரும்போது மட்டும் வீட்டில் ஆள் இல்லை.

இதே கம்பெனி அமெரிக்காவில் என்ன செய்தது தெரியுமா? அங்கும் இந்த வேலையைப் பார்த்தவர்கள் ஒப்பந்த நிறுவனங்களின் ஆட்கள்தான். மனம் சிதைந்துவிட்டது என்று அவர்கள் வழக்குப் போட்டார்கள். 2020 மே மாதம் 5.2 கோடி டாலர் தருகிறேன் என்று ஃபேஸ்புக் சமரசத்துக்கு வந்தது. ஆக, கலிஃபோர்னியாவில் முதலாளி கண்ணுக்குத் தெரிகிறார், நைரோபியில் மறைந்துவிடுகிறார். மாயாவிகூட ஊர் பார்த்து மறைவதில்லை.

அடுத்த அதிசயம், செயற்கை நுண்ணறிவு. சாட்ஜிபிடி எவ்வளவு மரியாதையாகப் பேசுகிறது, ஒரு கெட்ட வார்த்தை உண்டா என்று வியக்கிறோம். அந்த நாகரிகத்தின் ஒரு பகுதியும் நைரோபியில் செய்ததுதான். எது ஆபாசம், எது வன்முறை என்று இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்க, சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ 2021 நவம்பர் முதல் இணையத்தின் சாக்கடையிலிருந்து அள்ளிய பத்திகளைச் சாமாவுக்கு அனுப்பியது. ஒன்பது மணி நேர ஷிஃப்டில் 150 முதல் 250 பத்திகள் படித்து அடையாளமிட வேண்டியிருந்தது என்று ஊழியர்கள் 'டைம்' இதழிடம் சொன்னார்கள். அபாண்டம், 70தான் என்றது சாமா. சரி, 70 என்றே இருக்கட்டும். சாமாவின் நிர்வாகிகள் ஒரே ஒரு ஷிஃப்ட் அந்த எழுபதைப் படித்துவிட்டு ராத்திரி சோறு இறங்குகிறதா என்று சொல்லட்டும்.

ஒப்பந்தப்படி ஓபன்ஏஐ கொடுத்தது மணிக்கு 12.50 டாலர். அந்தப் பத்திகளைப் படித்தவர் கைக்கு வந்தது 1.32 முதல் 2 டாலர். நடுவில் கரைந்த பணத்துக்கு நிர்வாகச் செலவு என்று பெயர். இந்தக் கணக்கு தமிழனுக்குப் புதிதா? இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலாயா ரப்பர் தோட்டத்துக்கும் ஊரிலிருந்து ஆள் பிடித்துப் போன கங்காணி, வேலைக்கு இறங்கிய தலைக்கு இவ்வளவு என்று துரையிடம் காசு வாங்கினான். கூலி குறைந்தது என்றால் துரை கங்காணியைக் காட்டுவார், கங்காணி கடன் கணக்கைக் காட்டுவான். இன்றைய கங்காணிக்குத் தலைப்பாகை இல்லை, தடி இல்லை, பளபளப்பான இணையதளம் இருக்கிறது. ஐம்பதாயிரம் பேரை வறுமையிலிருந்து தூக்கிவிட்டோம் என்று அதில் எழுதிக்கொள்வான். எங்கே கொண்டுபோய் இறக்கினான் என்பதை மருத்துவர்தான் எழுத வேண்டியிருந்தது. கென்யாட்டா தேசிய மருத்துவமனையின் மனநலப் பிரிவுத் தலைவர் பரிசோதித்ததில், ஃபேஸ்புக்குக்காக வேலை பார்த்த 140க்கும் மேற்பட்டவர்களுக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் இருப்பது தெரிந்தது. 2024 டிசம்பரில் அந்த விவரம் வெளியே வந்தது.

உடனே பொருளாதார மேதைகள் தொண்டையைச் செருமுவார்கள்: 'வேலையே இல்லாததற்கு இது தேவலை. அந்த ஊர் விலைவாசிக்கு இரண்டு டாலர் மோசமில்லை.' ஐயா, அந்த ஊரில் வாடகை குறைவாக இருக்கலாம். குழந்தை கதறுவதைப் பார்த்தவனுக்குத் தூக்கம் போவதற்கு உள்ளூர் விலை, வெளியூர் விலை என்று இருக்கிறதா? பசித்தவன் முன்னால் எதை வைத்தாலும் தின்பான் என்று தெரிந்து வைப்பவனுக்குத் தருமவான் பட்டம் வேறா?

நாட்டின் தலைவராவது தன் பிள்ளைகள் பக்கம் நிற்பார் என்று நினைப்பீர்கள். அதிபர் வில்லியம் ரூட்டோவுக்கும் நெஞ்சு பொறுக்கவில்லைதான், ஆனால் வழக்கில் மாட்டிய கம்பெனிக்காக! பாவம், நீதிமன்றத்துக்கு அலைந்து மிகவும் கஷ்டப்பட்டுவிட்டார்கள், இனி யாரும் அவர்களை இழுக்க முடியாதபடி சட்டத்தை மாற்றியிருக்கிறோம் என்ற பொருளில் அவர் 2024 டிசம்பரில் ஒரு கூட்டத்தில் அறிவித்தார். மனம் உடைந்தவர்கள் கேட்டது மருத்துவம். ஆட்சி கொடுத்தது கம்பெனிக்குக் கவசம்.

வழக்குக்குப் போகக்கூட வாய்ப்பில்லாமல் போனவர்கள் உண்டு. ஸ்கேல் ஏஐ நிறுவனத்தின் ரிமோடாஸ்க்ஸ் தளத்தில் கென்யர்கள் வீட்டிலிருந்தே படங்களுக்கு அடையாளமிட்டு வந்தார்கள். 2024 மார்ச்சில் ஒரு மின்னஞ்சல் வந்தது, கதவு சாத்தப்பட்டது. நோட்டீஸ் காலம் இல்லை, கணக்கு முடிப்பு இல்லை, திட்டுவதற்கு ஒரு மேனேஜர்கூட இல்லை. அடுத்த ஆண்டு ஜூனில் அதே ஸ்கேல் ஏஐயின் 49 சதவீதப் பங்குக்காக மெட்டா சுமார் 1,430 கோடி டாலர் கொட்டியது. மணிக்கு இரண்டு டாலருக்கு மேல் கட்டுப்படியாகாது என்று யார் சொன்னது?

இந்த இருட்டில் உருப்படியாகப் பேசியவர்கள் நைரோபி நீதிபதிகள். சாமாவில் ஃபேஸ்புக்குக்காக வேலை பார்த்துப் பணிநீக்கம் செய்யப்பட்ட 180க்கும் மேற்பட்டோர் தொடுத்த வழக்கில், மெட்டாதான் முதன்மை முதலாளி, சாமா அதன் முகவர் மட்டுமே என்று 2023 ஜூனில் தொழிலாளர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவில் கூறியது. மெட்டா மீதான வழக்குகளைக் கென்யாவிலேயே நடத்தலாம் என்று 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொன்னது. வேலையின் அளவை நிர்ணயிப்பவன் எவனோ, லாபத்தை எடுத்துப்போகிறவன் எவனோ, அவனே முதலாளி. இது புரிய அமெரிக்கப் பல்கலைக்கழகப் பட்டம் வேண்டாம், முதுகெலும்பு போதும்.

படத்துக்குப் பெயர் வைக்கும் வேலையும் பத்திக்கு முத்திரை குத்தும் வேலையும் நம் சிறு நகரங்களுக்கும் வந்துவிட்டன. 'உலகமே நம் ஊரைத் தேடி வருகிறது' என்று இங்கும் மேடை போடுவார்கள், மாலை போடுவார்கள். அமைச்சர் பெருமக்களே, அன்றைக்கு மூன்றே கேள்வி கேளுங்கள். கடைசியில் லாபம் யார் பையில் விழுகிறது? பார்த்ததால் நோய் வந்தால் வைத்தியச் செலவு யாருடையது? தகராறு என்றால் அந்த ஆசாமி எங்கள் ஊர்க் கோர்ட்டுக்கு வருவாரா? மூன்றுக்கும் பதில் எழுத்தில் வந்து சேரும்வரை, கத்தரிக்கோலைப் பையிலேயே வைத்திருங்கள். ரிப்பன் எங்கும் ஓடிவிடாது.