பாஸ்ல நாலு

வீடு கட்டுகிறவன் இங்கே கேட்பது “முக்கால் ஜல்லி, ரெண்டு யூனிட்”. முக்கால் என்பது அங்குலம். யூனிட் என்பது நூறு கன அடி. பில்லில் வருவது 20 மி.மீ. நம் குமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது 1956 நவம்பரில். மெட்ரிக் சட்டம் வந்தது அடுத்த மாதமே. திருவிதாங்கூர் போயிற்று, வெள்ளைக்காரன் போனான். அவன் அடிக்கோல் மட்டும் டிப்பரில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. ஒரு யூனிட் 2.83 கன மீட்டர். பள்ளிக்கூடப் பையன் போட்டுவிடுவான். ஆனால் நம் மலையடிவாரத்திலிருந்து கேரளத்துக்குப் போகிற கல்லுக்கு இந்தக் கணக்கு ஒருநாளும் ஒத்துவருவதில்லை. மலையாக நிற்கையில் கன மீட்டர், லாரியில் யூனிட், எடைமேடையில் டன். சட்டை மாற்றும் இடத்திலெல்லாம் கொஞ்சம் சிந்துகிறது. பொறுக்குவதற்கு ஆள் தயாராக நிற்கிறது.

பிளக்காத கருங்கல் ஒரு கன மீட்டர் இரண்டரை டன்னுக்கு மேல். உடைத்துக் கொட்டினால் இடுக்கெல்லாம் காற்று. அதே கன மீட்டர் ஒன்றரை டன்தான். எந்தக் கன மீட்டர் என்று கேட்டால், நீர் வளர்ச்சிக்கு விரோதி. 2025-ல், வெட்டும் கல்லுக்கு வாங்குகிற சீனியரேஜ் தொகையை அரசு டன் கணக்குக்கு மாற்றியதும் குவாரிக்காரர்கள் ஸ்டிரைக்கில் இறங்கினார்கள். டன்னுக்கு 60 ரூபாய் என்றது 33 ஆயிற்று. ஒரு டன் மலைக்கு ரெண்டு சாயா, ஒரு பழம்பொரி!

அளவில் களவு நாஞ்சில் நாட்டுக்குப் புதிதல்ல. பாட்டம் வாங்கும்போது குவித்தும் கூலி கொடுக்கும்போது தலைதட்டியும் அளந்த மரக்கால்களைப் பார்த்த ஊர் இது. ஆனாலும் எவ்வளவு குவித்தாலும் நெல் ஒரு கட்டத்தில் சரிந்துவிடும். அந்த மட்டுக்கு அதற்கு வெட்கம் உண்டு. டிப்பருக்கோ பலகை வைத்து வாயை உயர்த்திக்கொள்ளலாம்.

பத்துச் சக்கர வண்டி சரக்கோடு 28.5 டன்னைத் தாண்டக் கூடாது. 2018-ல் வந்த விதி. வண்டியின் எடையைக் கழித்தால் நாலு யூனிட் ஜல்லி தேறும். தக்கலைப் பக்கம் சாயாக்கடை முன்னால் ஒன்று நின்றது. பலகைக்கு மேலே கூம்பாக ஜல்லி, அதன் உச்சியில் கோவணம் போல ஒரு தார்ப்பாய். பின்டயர்கள் பிதுங்கித் தரையோடு அப்பிக்கிடந்தன.

“அண்ணாச்சி, எத்தன யூனிட்டாக்கும்?”

டிரைவர் சாயாவை ஊதினார். “பாஸ்ல நாலு.”

“வண்டியில?”

“அத பாஸ் எழுதினவன்ட்ட கேளும்.”

வண்டி கிளம்பிப் பள்ளத்தில் இறங்கி ஏறியது. ஒரு பிடி ஜல்லி ரோட்டில் சிதறியது. கடைக்காரர் துடைப்பத்தோடு வந்து அதைக் கூட்டி, வாசலில் தண்ணீர் தேங்கிய குழியில் போட்டுக் காலால் மிதித்தார். அந்த ஒரு பிடிக்கு அவரிடம் பாஸ் கிடையாது.