கூண்டை எங்கே வைப்பது?

சமையலறையில் லவ் பேர்ட்ஸ் கூண்டை வைத்திருக்கிறேன். எனக்குப் பேச்சுத்துணை. தப்பா?

துணை நீடிக்க வேண்டுமா, வேண்டாமா? பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கேனரிக் குருவியைக் கொண்டுபோனது பாட்டுக் கேட்க அல்ல. விஷவாயு ஆளைத் தாக்குமுன் குருவி சுருண்டு விழும். 1986-இல்தான் அந்த வழக்கத்தைக் கைவிட முடிவெடுத்தார்கள். பறவையின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடும். மூச்சை வெளியே விடும்போதும் புதுக்காற்று அதற்குள் பாயும். காற்றோடு நஞ்சும்தான்.

வெறும் நான்ஸ்டிக் தவாவை அடுப்பில் வைத்துவிட்டு போன் பேசப் போகிறீர்கள். சூடு 280 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அதன் பூச்சிலிருந்து கிளம்பும் ஆவி நம் மூக்குக்குப் பெரும்பாலும் தெரியாது. பறவை சில நிமிடங்களில் செத்துவிடும். கூண்டை இன்றே வேறு அறைக்கு மாற்றுங்கள்.

அந்த அறையில் கொசுவர்த்திச் சுருள் வைக்கலாமா?

கொசுவலை எதற்கு இருக்கிறது? கூண்டின் மேல் போடுங்கள்.

நான் தின்பதில் என் பட்ஜிக்கும் ஒரு வாய் கொடுக்கலாமா?

கேரட், கொத்தமல்லித்தழை என்றால் தாராளமாக. காபி, சாக்லேட், பட்டர் ஃப்ரூட் மூன்றும் அதற்கு விஷம். பொடித்துணுக்குகூடத் தராதீர்கள்.