இப்ப எப்படிங்ணா?

எங்கள் அப்பா ஆண்டெனா திருப்புகிறவர். 1980-களில் நாகப்பட்டினத்தில் இலங்கை ரூபவாகினி தெரிய வேண்டுமென்றால் மொட்டை மாடியில் உயரமாகக் குழாய் நட்டு, அதன் தலையில் அலுமினியக் கம்பிகளைக் கட்டி, தெற்கே பார்த்துத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அவர் மேலே, நான் கீழே டி.வி. முன்னால். "தெரியுதா?" என்று மாடியிலிருந்து குரல் வரும். "புள்ளிபுள்ளியா இருக்குப்பா." "இப்ப?" "முன்னாடி இருந்ததே தேவலாம்." "இப்ப?" இருபதாவது 'இப்ப'வுக்குள் எனக்குப் பசி வந்துவிடும். "பளிச்சுன்னு தெரியுதுப்பா" என்று பொய் சொல்லிவிடுவேன். அப்பா இறங்கி வந்து பார்ப்பார். திரையில் மணல் கொட்டிக்கொண்டிருக்கும். ஒன்றும் பேசாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபடி ஏணி ஏறுவார்.

கேபிள் வந்ததோடு இந்த இனம் அழிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். பெங்களூரு எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் எங்கள் அடுக்ககத்தின் மூன்றாவது மாடிக்குச் சக்கரபாணி குடிவரும் வரை.

சக்கரபாணி என்பது அவர் பெயரில்லை, நான் வைத்தது. பெருமாள் சக்கரத்தைக் கையில் வைத்திருக்கிறார், இவர் காலுக்கடியில் வைத்திருக்கிறார் என்பதைத் தவிர பெயரில் குற்றமில்லை. ஊர் கோபிசெட்டிபாளையம் பக்கம். முப்பத்தைந்து வயது, மென்பொருள் வேலை, வாய் நிறைய 'ங்க'. காலை எட்டே முக்காலுக்கு லிஃப்ட் கதவு திறந்தால் முழுமுக ஹெல்மெட், முழங்கால் கவசம், முழங்கை கவசம், மணிக்கட்டு காப்பு என்று சூரசம்ஹாரத்துக்குப் புறப்பட்ட கோலத்தில் நிற்பார். பக்கத்தில், ஏர்போர்ட்டுக்குப் போகிறவர் பெட்டியை இழுப்பதுபோல, கைப்பிடியை நீட்டி இழுத்து வந்த மின்சார ஒற்றைச் சக்கரம். எடை 27 கிலோ. ஒருநாள் நகர்த்திப் பார்க்கலாம் என்று கைவைத்து, இரண்டு நாள் அயோடெக்ஸ் தேய்த்துக்கொண்டேன்.

இருக்கை கிடையாது, ஹேண்டில்பார் கிடையாது. சக்கரத்தின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பலகை. பெடல் என்று பெயர், மிதிப்பதற்கில்லை, நிற்பதற்கு. முன்னால் சாய்ந்தால் போகும், பின்னால் சாய்ந்தால் நிற்கும். உள்ளேயிருக்கும் உணரி பலகை எவ்வளவு சாய்கிறது என்று கணத்துக்குக் கணம் பார்த்துக்கொண்டிருக்கும். நீங்கள் விழப்போகிற பக்கமாக மோட்டார் சக்கரத்தை ஓட்டிக்கொண்டு போய் உங்கள் காலுக்கடியில் நிறுத்தும். ஆக, இதில் போவதென்பது இடைவிடாமல் விழுந்துகொண்டும் இடைவிடாமல் தாங்கப்பட்டுக்கொண்டும் இருப்பதுதான். இந்தத் தாங்கல் முன்னுக்கும் பின்னுக்கும் மட்டும். பக்கவாட்டில் சாய்ந்தால் மோட்டார் ஒன்றும் செய்யாது, அது உங்கள் பாடு.

இதை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தவர் ஷேன் சென் என்ற அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர். வாஷிங்டன் மாநிலத்தில் கேமஸ் என்ற சிற்றூர்க்காரர். 2011-இல் வந்த அந்தச் சக்கரத்துக்குச் சோலோவீல் என்று பெயர். ஏறினால் ஓடும், அவ்வளவுதான். போனைத் திறந்து குணத்தை மாற்றுகிற வசதியெல்லாம் இல்லை. சக்கரபாணி இதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும். "பாவமுங்ணா அவங்க. என்ன குடுத்தாங்களோ அதையே ஓட்டியிருக்காங்க."

இப்போதைய சக்கரங்கள் அப்படியில்லை. பெடல் எவ்வளவு விறைப்பாக இருக்க வேண்டும் என்பதை நாமே முடிவு செய்யலாம். விறைப்பு என்றால் பலகையின் கெட்டித்தனம் அல்ல. பலகை எப்போதும் அதே உலோகம்தான். ஒரு பாகை சாய்ந்ததற்கு மோட்டார் எவ்வளவு பதறுகிறது என்பதுதான் கணக்கு. விறைப்பில் வைத்தால் கட்டைவிரலை ஊன்றிய மாத்திரத்தில் சக்கரம் பாய்ந்து வந்து பலகையைச் சமமாக்கிவிடும். ஆட்டுக்கல்லின்மேல் நிற்பதுபோல இருக்கும். மென்மையில் வைத்தால் சற்று யோசிக்கும். பலகை முன்பக்கம் சில பாகை தாழ்ந்த பிறகுதான் உந்தல் வரும். "கொடிவேரியில பரிசல்ல எந்திரிச்சு நின்னிருக்கீங்களா? அதேதானுங்ணா" என்றார். நான் பரிசலில் உட்கார்ந்தே பயணித்தவன்.

சில சக்கரங்களில் விறைப்பு, நடுத்தரம், மென்மை என்று மூன்றே நிலைகள். சக்கரபாணியின் முதல் சக்கரம் அந்த வகை. மூன்று வாரத்தில் மூன்றும் தீர்ந்துபோய், மனிதர் சோர்ந்து உட்கார்ந்துவிட்டார். பிறகுதான் 0 முதல் 100 வரை நகர்த்தக்கூடிய சக்கரம் ஒன்றைத் தேடி வாங்கினார். அவர் மனைவியின் துயரம் அன்று தொடங்கியது.

"ஏங்க, சிலிண்டர் புக் பண்ணினீங்களா?"

"64 கொஞ்சம் மெத்துனு இருக்குது."

இது நான் காதால் கேட்ட உரையாடல். அவர் காதில் என்ன விழுந்ததோ தெரியாது. சட்டைப்பையில் ஒரு குறிப்புப் புத்தகம் இருக்கும். ஒருமுறை லிஃப்டில் பெருமையோடு காட்டினார். 'செவ்வாய், 58, இடது கணுக்கால் இழுக்குது. புதன், 71, பாதம் மரத்துப்போச்சு. வியாழன், 66, பரவால்ல, ஆனா சந்தோஷம் இல்ல.' கடைசி வரியை நின்று இரண்டு முறை படித்தேன்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும், அவர் பைத்தியமில்லை. எண்ணை மாற்றினால் ஓட்டம் உண்மையாகவே மாறுகிறது. ஒருநாள் 30-இல் வைத்துக்கொண்டு 27-ஆவது மெயினில் போயிருக்கிறார். மேகத்தில் மிதப்பதுபோல இருந்ததாம். முன்னால் போன ஆட்டோ, ஆட்டோக்களின் வழக்கப்படி, கையைக் காலைக் காட்டாமல் நின்றது. இவர் குதிகாலை ஊன்றினார். பலகை பின்பக்கம் தாழ்ந்தது, மேலும் தாழ்ந்தது. ஆட்டோ நெருங்கியது, மேலும் நெருங்கியது. சக்கரம் நிற்கத்தான் போகிறது, ஆனால் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு நிற்கிற ரகம். சக்கரபாணி காத்திருக்கவில்லை, இறங்கி ஓடினார். ஏழெட்டு அடி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, ஊர்க்குருவி தரையிறங்குகிற மாதிரி. சக்கரம் தன்பாட்டுக்கு உருண்டு போய் இளநீர் வண்டியில் சாய்ந்து நின்றது. இளநீர்க்காரர் அதையும் இவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஒரு காயைச் சீவ ஆரம்பித்தார்.

அன்று இரவே 95.

மறுநாள் சாயங்காலம் பார்த்தபோது முகம் வெளிறியிருந்தது. 95-இல் பிரேக் பிரமாதம், நினைத்த இடத்தில் நிற்கிறது. ஆனால் உடம்பின் ஒவ்வோர் அசைவையும் அது கட்டளையாக எடுத்துக்கொள்கிறது. யாரோ கூப்பிட்டார்களே என்று தலையைத் திருப்பினால் ஒரு குலுக்கல். குழியில் இறங்கினால் முழங்கால் முன்னே போகிறது; அதை 'வேகமாகப் போ' என்று புரிந்துகொண்டு சக்கரம் பாய்கிறது; பாய்ச்சலில் உடம்பு பின்னே போகிறது; அதை 'நில்' என்று புரிந்துகொள்கிறது. "தும்மினேனுங்ணா. அகரா ஏரிப் பக்கம். ஒரே தும்மல். நாலு கிலோமீட்டர் ஸ்பீடு ஏறிப்போச்சு." பெங்களூருவின் மகரந்தக் காலத்தில் இது சாதாரண ஆபத்தல்ல.

இதற்காகவே ஞாயிற்றுக்கிழமைகளில், வண்டிகளை உள்ளே விடாத கப்பன் பார்க்குக்குப் போகிறார். அங்கே அவரைப் போல நாலைந்து பேர். ஒருமுறை என்னையும் அழைத்துப் போனார். சக்கரங்களை வரிசையாக மரத்தில் சாய்த்துவிட்டு ஒரு மணி நேரம் விவாதித்தார்கள். விறைப்புக் கட்சி, மென்மைக் கட்சி என்று இரண்டு. கோயில் யானைக்கு எந்த நாமம் போடுவது என்று வழக்காடியவர்கள் இவர்களுக்கு மூதாதைகள். விறைப்புக்காரர்கள் வளையாத முழங்காலோடு, சிலை நகர்வதுபோலப் போவார்கள். மென்மைக்காரர்கள் இடுப்பை அசைத்து, வளைவுகளில் வழுக்கிக்கொண்டு போவார்கள். ஒவ்வொரு கட்சிக்கும் மற்றது ஓட்டுவது ஓட்டமே அல்ல. சக்கரபாணி மட்டும் இரண்டிலும் சேராமல் நடுவில் நின்று, "63.5 வைக்க வழியிருக்குதுங்களா?" என்று கேட்டார். இரு கட்சிகளும் ஒன்றுசேர்ந்து அவரை முறைத்தன.

அங்கே நரைத்த தாடிக்காரர் ஒருவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. விறைப்பு கூடினால் மோட்டாரின் பலம் கூடிவிடாது. பேட்டரி இறங்கியபோதும், செங்குத்தான மேட்டிலும், உச்ச வேகத்திலும் மோட்டாரால் முடிகிற அளவு, எந்த எண்ணில் வைத்தாலும் ஒன்றுதான். மென்மையில் பலகை தாழ்ந்து தாழ்ந்து, 'ஐயா, இழுக்க முடியவில்லை' என்று பாதத்துக்குச் சொல்லும். விறைப்பில் கடைசி வரை மார்பை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். அதனால்தான் பீப் பீப் என்ற எச்சரிக்கையும், பலகையின் மூக்கைத் தூக்கி ஓட்டுகிறவரைப் பின்னுக்குத் தள்ளுகிற ஏற்பாடும் வைத்திருக்கிறார்கள். இதைக் கேட்டு எல்லோரும் தலையாட்டினார்கள். சக்கரபாணி புத்தகத்தை எடுத்து எதையோ 61 என்று திருத்தினார்.

என் அபிப்பிராயம், யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். புதுச் செருப்புக்குக் கால் பழகவே நாலு நாள் ஆகிறது. இதற்கு ஒரு வாரமாவது வேண்டாமா? 40 ஆனாலும் 80 ஆனாலும், விட்டுவிட்டால் கணுக்கால் அதற்கென ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளும். இவர் கணுக்காலைக் கணக்கு முடிக்க விடுவதில்லை. அது விடையை எட்டுகிற நேரத்தில் கேள்வியை மாற்றிவிடுகிறார். பொங்கலுக்கு ஊருக்குப் போய் அம்மா கையால் சாப்பிட்டு இரண்டு கிலோ ஏறி வந்தால் ஓர் எண். ஷூ மாற்றினால் ஓர் எண். டயரில் காற்றைக் கூட்டினால் வேறோர் எண். அந்தக் காற்றுக்கே தனியாக ஒரு குறிப்புப் புத்தகம் இருப்பதாக அவர் மனைவி என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

ஒருமுறை போக்குவரத்துக் காவலர் ஒருவர் சில்க் போர்டு பக்கம் இவரை நிறுத்தினார். எந்த வாகனத்தில் சேர்ப்பது, எந்தப் பிரிவில் எழுதுவது என்று அவருக்கும் குழப்பம். சக்கரத்தைச் சுற்றி இரண்டு முறை வந்துவிட்டு, "இன்னொந்து சக்ர எல்லி, சார்?" என்றாராம். இன்னொரு சக்கரம் எங்கே என்பதற்குச் சக்கரபாணியிடம் பதில் இல்லை. ஆனால் பெடல் விறைப்பைப் பற்றிக் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் பத்து நிமிடம் விளக்கியிருக்கிறார். காவலர் கும்பிடு போட்டு அனுப்பிவிட்டார்.

போன சனிக்கிழமை என் முறை வந்தது. "ஒருவாட்டி ஏறி நின்னு பாருங்ணா. ஓட்ட வேண்டாம், நின்னாப் போதும்." வேறு ஓர் உடம்பில் சோதித்துப் பார்க்க ஆசை அவருக்கு; ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு ஏன் ஆசை வந்ததென்று தெரியவில்லை. அடித்தளக் கார் நிறுத்தத்தில், அவருடைய ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் தூணைக் கட்டிக்கொண்டு ஏறினேன். வாட்ச்மேன் பின்னால் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார். சக்கரபாணி நாலடி தள்ளி, போனும் கையுமாக.

"20-ல வெச்சிருக்கேன். கட்டைவிரல்ல லேசா அழுத்துங்க."

அழுத்தினேன். பலகை முன்னால் தணிந்தது. கிணற்றுப் படியில் பாசி வழுக்கினால் வயிற்றுக்குள் ஒன்று ஆகுமே, அது ஆனது.

"இப்ப எப்படிங்ணா?"

"ஆடுது, தம்பி."

விரலை நகர்த்தினார். "இப்ப?"

"இப்ப வெடுக்குனு இழுக்குது."

"இப்ப?"

ஹெல்மெட்டுக்குள் வியர்த்தது. தூணில் அடித்திருந்த மஞ்சள் பெயின்ட் கன்னத்துக்கு நேரே இருந்தது. வாட்ச்மேன் ஒரு கையை எடுத்து மூக்கைச் சொறிந்துகொண்டார்.

"இப்ப?"

எத்தனையாவது 'இப்ப' என்று எண்ணவில்லை. பசி வந்திருந்தது. "ஆஹா, இப்ப பிரமாதமா இருக்கு தம்பி. வெண்ணெய் மாதிரி இருக்கு. அப்படியே விட்டுடுங்க" என்றேன்.

சக்கரபாணி போனிலிருந்து தலையைத் தூக்கினார். எங்கள் அப்பா ஏணிக்குத் திரும்பும்போது பார்ப்பாரே, அதே பார்வை.

"நான் இன்னும் மாத்தவே இல்லீங்களேண்ணா."