நெல்லி நிழலுக்கு நிலுவை

தங்கா பத்து, மலாக்கா.

மலாக்கா மாநிலத்தில் நிலத்தையும் நீரையும் பரிபாலனம் செய்துவரும் மேன்மை தங்கிய அதிகார பீடத்தார் சமுகத்திற்கு,

முப்பத்தோராண்டு காலம் ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாக இருந்து, பால் நிறுத்து, செக்ரோல் எழுதி, ஒரு சதமும் பிசகாமல் கணக்கை ஒப்படைத்துவிட்டு, இப்போது இந்தக் கடற்கரையில் காற்றை இலவசமாக வாங்கிக்கொண்டு காலம் கழிக்கும் அடியேன், அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

‘இலவசமாக’ என்ற சொல் பேனாவிலிருந்து நழுவிவிட்டது, க்ஷமிக்க வேண்டும். காடும் கழியும் கடலும் மனிதனுக்குச் செய்யும் உபகாரங்களுக்கெல்லாம் சூழலமைப்புச் சேவைகள் என்று பெயர் சூட்டி, அவற்றுக்குப் பண மதிப்பு கட்டி, நிலம் நீர் பற்றிய தீர்மானங்களில் அந்த மதிப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று பண்டிதர்கள் சொல்லத் தொடங்கி வெகு காலமாகிவிட்டது. 1997-இல் ராபர்ட் காஸ்டான்சா என்பவரும் அவருடைய சகாக்களும் பதினேழு வகைச் சேவைகளைக் கூட்டிப் பார்த்து, பூமாதேவி ஆண்டொன்றுக்குச் செய்யும் வேலை சுமார் 33 லட்சம் கோடி அமெரிக்க டாலர் பெறும் என்று எழுதினார்கள். அப்போது உலக நாடுகள் அனைத்தின் உற்பத்தியும் சேர்ந்தே 18 லட்சம் கோடி டாலர்தான். இவ்வளவு பெரிய சம்பளப் பாக்கியை நான் எந்தத் தோட்டத்திலும் கண்டதில்லை.

பழைய பாக்கியிலிருந்து தொடங்குவதே கணக்குப்பிள்ளை தர்மம். பரமேஸ்வரன் வேட்டைக்கு வந்து களைத்து ஒரு மரத்தடியில் சாய்ந்திருந்தபோது, சருகுமான் ஒன்று அவனது வேட்டை நாயை உதைத்துத் தள்ளியதாகவும், அந்த அதிசயத்தைக் கண்டு அங்கேயே ராஜ்யம் ஸ்தாபித்து மரத்தின் பெயரையே ஊருக்கு வைத்ததாகவும் ஐதிகம். மலாய்க்காரர் மலாக்கா என்னும் அந்த மரம் நமது நெல்லி. அன்றைக்குத் தங்களைப் போன்ற ஓர் அதிகாரி அங்கே ஆஜராகியிருந்தால், ‘மரம் ஒன்று, பலகைக்கு உதவாது, காய் புளிப்பு’ என்று குறித்துக்கொண்டு வெட்ட உத்தரவிட்டிருப்பார். நிழல் என்ற இனம் பேரேட்டில் ஏறாததால், ஒரு சாம்ராஜ்யத்தை ஈன்ற நிழலுக்கு அறுநூறு ஆண்டுகளாக வாடகை நிலுவையில் கிடக்கிறது.

பிறரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஒட்டுப்பாலைக்கூட விடாமல் நிறுத்து எழுதிய நான், லயத்துக்குப் பின்னால் ஓடிய ஓடையை ஒரு நாளும் எழுதியதில்லை. பெண்டுகள் அதன் கரையில் கீரை பறித்தார்கள். பையன்கள் முழங்கால் சேற்றில் நின்று கெளுத்தி பிடித்தார்கள். மேட்டுப்புறத்துச் சதுப்பு மழைநீரைத் தேக்கிவைத்துக்கொண்டு, கஞ்சப் பாட்டி சில்லறை கொடுப்பதுபோலக் கொஞ்சங்கொஞ்சமாக ஓடையில் விட்டது. 1991-இல் டுரியான் துங்கல் அணை வறண்டு மலாக்கா முழுவதும் வாளியும் கையுமாகத் தெருவில் நின்றபோது, எங்கள் ஓடைக்கரைக் கிணற்றில் மட்டும் ஊற்று நிற்கவில்லை. பிற்பாடு சதுப்பை வடித்துச் செம்பனை வைத்தார்கள். செம்பனையை வெட்டி வீடு கட்டினார்கள். கிணறு இருந்த இடத்தில் இப்போது கார் நிற்கிறது. ஜொகூரிலிருந்து மூவார் ஆற்று நீரை வாங்கினால் அதற்குச் சீட்டு வருகிறது, ஆகவே அது தண்ணீர். சதுப்பு சீட்டு அனுப்பவில்லை, ஆகவே அது தரிசு.

நம் முன்னோர்களுக்கு மதிப்பு எழுதும் வித்தை தெரிந்திருந்தது. அவர்கள் மதிப்பை ஊர்ப் பெயரிலேயே பதிவு செய்துவிட்டார்கள். பாயா ரும்புட் என்றால் புல் சதுப்பு. அங்கே இப்போது வரிசை வரிசையாக வீடுகள். கனமழை மட்டும் இன்னும் பழைய விலாசத்துக்கே வந்து கதவைத் தட்டுகிறது. சுங்கை ஊடாங் என்றால் இறால் ஆறு. அதன் பக்கம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நிற்கிறது. பெயரையும் மாற்றிவிட்டால் சாக்ஷி ஒழியும் என்பது என் தாழ்மையான யோசனை.

கடல் விஷயத்துக்கு வருகிறேன். நிலமும் காடும் மாநிலத்தின் அதிகாரம் என்று அரசியல் சாசனம் எழுதிவைத்திருக்கிறது; நிலத்தை எழுதிக் கொடுத்தால் பிரிமியமும் வரியும் கஜானாவுக்கு வருகின்றன. உயிரோடிருக்கும் கடல் ஒரு வெள்ளி வரி கட்டுவதில்லை. மண் கொட்டித் தூர்த்த மறுநாளே அதே கடல் பொறுப்புள்ள வரிதாரராகிவிடுகிறது. இந்தக் கணக்கில் எந்தப் புத்திசாலி கடலைக் கடலாக விட்டுவைப்பான்? கடலைத் தூர்க்க 2014-இல் தொடங்கிய மலாக்கா கேட்வே திட்டத்துக்கு 4,000 கோடி வெள்ளிக்கும் மேல் என்று மதிப்பு சொன்னார்கள். 2020-இல் மாநில அரசே ஒப்பந்தத்தை ரத்து செய்தது. போர்த்துகீசியக் குடியிருப்பு மீனவர் இடுப்பளவு நீரில் இறங்கி, குறுக்காகக் கட்டிய மூங்கில்களில் வலை பூட்டித் தள்ளிக்கொண்டே நடந்து அள்ளிய கூனி இறாலுக்கு, சிஞ்சாலோக் என்ற ஊறுகாயாகச் சீசாவில் அடைபடும் வரையில் யாரும் மதிப்பு சொல்லவில்லை. பூலாவ் உப்பேயில் முட்டையிட வந்த அழுங்காமைகளோ மனுக் கொடுக்கும் ஜாதியே அல்ல.

காட்டைக் காப்பாற்றும் மாநிலங்களுக்கு மத்திய அரசு 2019-இல் 6 கோடி வெள்ளியில் தொடங்கி, 2025-இல் 25 கோடி வரையில் ஒதுக்கியிருப்பது சந்தோஷமே. காட்டையெல்லாம் ஏற்கெனவே செலவழித்துவிட்டு விரலளவு மிச்சம் வைத்திருக்கும் நம்மைப் போன்றவர்கள் அந்தப் பந்தியில் கடைசி இலையில் உட்கார வேண்டியதுதான்.

மதிப்பு கட்டும் முறையிலும் ஒரு சிக்கல் உண்டு. கடற்காற்றுக்கு மாதம் எவ்வளவு தரச் சம்மதம் என்று வீடு வீடாகக் கேட்டு எழுத ஒரு மாணவப் பிள்ளை வந்தான். எதிர்வீட்டுப் பாட்டி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, “ஏன் தம்பி, காசு கட்டலன்னா காத்த நிறுத்திடுவாங்களா?” என்று கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டே படிவத்தில் பூஜ்யம் என்று எழுதினான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தங்கள் அலுவலகத்தில் அந்தப் பூஜ்யத்தைக் கூட்டுபவருக்குப் பாட்டியின் குரல் கேட்காதே! மதிப்பே எழுதாவிட்டால் பூஜ்யம். எழுதிவிட்டாலோ விலைச்சீட்டு தொங்கும் சரக்குக்கு ஆள் வந்துவிடுவான். ஆகையால் பேரேட்டில் இன்னொரு பத்தி கோடு போட்டு, ‘விற்பனைக்கு அல்ல’ என்று தலைப்பு எழுதும்படி பிரார்த்திக்கிறேன். கோடு போடக் கூலி வேண்டாம். அடிக்கோல் என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த,
ஓய்வுபெற்ற கிராணி.

பின்குறிப்பு: என் கொல்லையில் ஒரு நெல்லி நிற்கிறது. மதிப்பிட ஆள் அனுப்புவதானால் தயவுசெய்து மாலை மூன்று மணிக்கு முன்னால் அனுப்பவும். அதற்குப் பிறகு நிழல் வேலி தாண்டிப் பக்கத்து வீட்டுப் பாச்சிக் நாற்காலி போடும் இடத்துக்குப் போய்விடும். அவரிடம் நான் இதுவரை பணம் கேட்டதில்லை.