ஞாயிற்றுக்கிழமை மாவாட்டக் கூடாத ஊர்

சுசீந்திரத்துச் சொந்தபந்தங்களுக்கு, ஜெர்மனி டோர்ட்முண்டிலிருந்து எழுதுவது. இந்தக் கடிதம் நம்ம ஊர்க்காரர் ஒருவரைப் பற்றியது. ரத வீதியில் வளர்ந்து, தெப்பக்குளத்தில் நீந்தப் பழகி, இப்போது பனியில் வழுக்கி விழப் பழகிக்கொண்டிருப்பவர். பெயர் எதற்கு, ‘நம்மாள்’ என்றே வைத்துக்கொள்வோம். ஆளை அடையாளம் தெரிந்தாலும் அவர் வீட்டு ஆச்சியிடம் சொல்லிவிட வேண்டாம். அவர் கோட்டு போட்ட ஆபீசர் என்றுதான் அவள் கோட்டாறு சந்தை வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறாள்.

கோட்டு போடுவது உண்மைதான். பார்சல் கிடங்கில் குளிர் தாங்க வேண்டுமே.

வீட்டுக்காரி நர்ஸ். குமரி மாவட்டத்தில் இது ஒரு செய்தியே இல்லை. தெருவுக்கு ஒரு நர்ஸ் கடல் தாண்டித்தான் இருக்கிறாள். ஜெர்மன் மொழியில் பி2 பரீட்சை எழுதி, ஊரில் படித்த படிப்புக்கு இங்கே அங்கீகாரம் வாங்கி, அவள் முதலில் வந்தாள். நம்மாள் பிள்ளைகளோடு பின்னால் வந்து சேர்ந்தார். மூத்தவளுக்கு ஆறு வயது, இளையவனுக்கு நாலு.

“ரெண்டு பேரும் யூரோவில் சம்பாதிக்காவ, காசு கொட்டுது” என்று ஊரில் ஒரு பேச்சு இருப்பதாகக் கேள்வி. கொட்டுவது நிஜம், பாத்திரத்தில்தான் ஓட்டை. வருமான வரி, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, வேலை போனால் காப்பீடு, வயதாகிப் படுத்தால் பார்த்துக்கொள்ள ஒரு காப்பீடு என்று சம்பளச் சீட்டில் பிடித்தம் மட்டும் அரைப்பக்கம் வரும். அந்தக் கடைசிக் காப்பீட்டில் ஒரு வேடிக்கை உண்டு. பிள்ளை இல்லாதவர்கள் அதற்குக் கூடுதலாகக் கட்ட வேண்டும். ஒன்றுக்கு மேல் பிள்ளை இருந்தால் தள்ளுபடி. பிடித்தது போக வந்ததில் மூன்றில் ஒரு பங்கை வீட்டு வாடகை தின்றுவிடும். மிச்சத்தில் குடும்பம் நடக்கிறது. நன்றாகவே நடக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதல் காரணம் அரசாங்கம். பிள்ளை பிறந்தால் அதற்கென்று மாதாமாதம் பணம் வரும்: 2025-இல் தலைக்கு 255 யூரோ, 2026-இல் 259. பதினெட்டு வயது வரைக்கும் நிச்சயம், தொடர்ந்து படித்தால் இருபத்தைந்து வரைக்கும். இதைக் கேட்ட ஆச்சி, “சர்க்கார் எதுக்கு மக்களே நம்ம பிள்ளைக்குத் துட்டு கொடுக்கணும்?” என்று சந்தேகப்பட்டாள். காரணம் இருக்கிறது. 2024-இல் ஜெர்மனியில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.35 குழந்தைதான். நாளைக்கு வேலைக்கும் வரிக்கும் ஆள் வேண்டும். ஆச்சிக்குச் சொல்லாமல் விட்டது ஒன்று: தமிழ்நாடும் பெரிய வித்தியாசத்தில் இல்லை. 2020 கணக்கெடுப்பில் நம்முடையது 1.4.

டோர்ட்முண்ட் இருக்கும் மாநிலத்தில், பள்ளிக்கூடம் சேர்வதற்கு முந்தைய இரண்டு வருடம் மழலையர் கூடத்துக்குக் கட்டணம் கிடையாது. சாப்பாட்டுக் காசு மட்டும் கட்டினால் போதும். இளையவன் அங்கேதான் போகிறான். ஏ, பி, சி, டி சொல்லிக்கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்த நம்மாளிடம் முதல் நாள் ஒரு பட்டியல் நீட்டினார்கள். ரப்பர் பூட்ஸ் ஒன்று, மழைக்கோட்டு ஒன்று, தோளில் வார் மாட்டிய சேற்றுக் கால்சட்டை ஒன்று. சிலேட்டும் இல்லை, நோட்டும் இல்லை. மழை பெய்தால் பிள்ளைகளை உள்ளே கூட்டிவருவதற்குப் பதில் வெளியே கூட்டிப்போகிறார்கள். பழையாற்று வயலில் நாற்று நட இறங்கியவன் மாதிரி சாயங்காலம் அவன் திரும்பி வருவான். ஊரில் அவன் அப்பா இப்படி வந்திருந்தால் வாசலிலேயே பூசை நடந்திருக்கும். இங்கே டீச்சர், “இன்றைக்கு நன்றாக விளையாடினான்” என்று பாராட்டி அனுப்புகிறார்.

பூசை என்றதும் ஞாபகம் வருகிறது. பிள்ளையை அடிப்பது இங்கே சட்டப்படி குற்றம். 2000-இல் சிவில் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று கேட்டு வளர்ந்த நம்மாளுக்குக் கை பழக்கதோஷத்தில் எழும்பும். எழும்பிய கையால் தலையைச் சொறிந்துகொள்வார். ஒரு வருடத்துக்குள் மூத்தவளே எடுத்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்: “அப்பா, கோபம் வந்தால் பத்து வரைக்கும் எண்ணணும்.” தமிழில் எண்ணி முடித்தால், “இப்போ ஜெர்மனில் எண்ணு” என்கிறாள். அதற்குள் கோபம் போய் இலக்கணம் வந்துவிடுகிறது.

இரண்டாவது காரணம் பழைய துணி.

இங்கே குழந்தை உடுப்பின் அளவு வயதில் இல்லை, சென்டிமீட்டரில். 104 என்றால் 104 சென்டிமீட்டர் உயரப் பிள்ளைக்கு, 110 என்றால் 110-க்கு. ஆறாறு சென்டிமீட்டராகப் பிள்ளை வளர வளரச் சட்டை கைமாறும். வசந்தத்தில் ஒரு முறை, இலையுதிர் காலத்தில் ஒரு முறை மழலையர் கூடத்துப் பெற்றோரே சந்தை போடுவார்கள். நீள மேஜைகள், உயரவாரியாக அடுக்கிய சட்டைகள், ஒரு ஓரம் குட்டி சைக்கிள்கள், இன்னொரு ஓரம் கேக்கும் காப்பியும். பனிக்கோட்டு ஒன்று ஐந்தாறு யூரோவுக்குக் கிடைக்கும். நம்மாள் முதல் முறை தொப்பியை இழுத்துவிட்டு, தெரிந்தவர் கண்ணில் படாமல் உள்ளே போனார். பக்கத்து மேஜையில் வீட்டுக்காரியின் ஆஸ்பத்திரி டாக்டர் அம்மாள், தன் மகனின் பழைய பூட்ஸுக்கு இரண்டு யூரோ கேட்டுப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். நம்மாள் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

அதுமட்டுமா? தெருவோரத்தில் ஒரு அட்டைப்பெட்டி இருக்கும். வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம் என்று அதில் எழுதியிருக்கும். புத்தகம், கோப்பை, பொம்மை, சில நாள் மூன்று சக்கர சைக்கிள்கூட. பெரிய வீட்டுக்காரரும் அதில் போடுகிறார், பெரிய வீட்டுக்காரரும் அதிலிருந்து எடுக்கிறார். சிக்கனம் இங்கே ஏழையின் அடையாளமாக இல்லை. நம்ம ஊரிலும் அண்ணன் நிக்கர் தம்பிக்கு, தம்பிக்குச் சின்னதானது சித்தி மகனுக்கு என்று போய்க்கொண்டுதான் இருந்தது. இப்போது மருமகள் வீட்டுக்கு ஒரு பழைய தொட்டிலைக் கொடுத்தனுப்பிப் பாருங்கள். “எங்களுக்கு வாங்க வக்கில்லைன்னு நினைச்சியளோ?” என்று அடுத்த கல்யாணம் வரைக்கும் முகம் திரும்பியிருக்கும். நாஞ்சில் நாட்டில் பிள்ளை வளர்ப்புச் செலவு ஏறியதில் பாதி விலைவாசி, பாதி இந்த ரோஷம் என்பது நம்மாளின் கட்சி.

பிறந்தநாளையும் இங்கே மண்டபத்தில் வைப்பதில்லை. பிள்ளைக்கு எத்தனை வயதோ அத்தனை நண்பர்களைக் கூப்பிட்டால் போதும் என்பது பல வீடுகளில் கணக்கு. ஆறு வயசா, ஆறு பேர். வீட்டிலேயே கேக், பூங்காவில் புதையல் தேடும் விளையாட்டு, சாயங்காலம் அவரவர் பிள்ளையை அவரவர் கூட்டிப்போய்விடுவார்கள். இதில் ஆச்சியால் ஒரு சிக்கல் வந்தது. மூத்தவளின் பிறந்தநாள் நவம்பரில். ராத்திரி பன்னிரண்டு அடித்ததும் சுசீந்திரத்திலிருந்து ஆச்சி வீடியோவில் வாழ்த்துப் பாடினாள். அந்த மாதத்தில் இந்தியா நாலரை மணி நேரம் முன்னால். டோர்ட்முண்டில் அப்போது முந்தின நாள் இரவு ஏழரை. பிறந்தநாளுக்கு முன்னாலேயே வாழ்த்துவது ஜெர்மானியருக்குப் பெரிய அபசகுனம். வீட்டில் இருந்த பக்கத்து வீட்டு அம்மாள் காதைப் பொத்திக்கொண்டார். நல்லநேரம், ராகுகாலம் பார்க்கிற ஆச்சிக்கு இதைப் புரியவைக்கக் கஷ்டமே இல்லை. அடுத்த வருடம் அவள் விடிகாலை நாலரை மணிக்கு அலாரம் வைத்து எழுந்தாள்.

கீழ்வீட்டு அம்மாளுடன் வேறொரு கதை. இங்கே ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. கடைக்காரர்களின் சோம்பல் என்று நினைக்க வேண்டாம், ஞாயிறு ஓய்வுநாள் என்பதற்கு அரசியல் சட்டத்திலேயே பாதுகாப்பு உண்டு. கடை மட்டும் இல்லை, சத்தமும் கூடாது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, காலி பாட்டிலைத் தெருவிலுள்ள கண்ணாடி சேகரிக்கும் தொட்டியில் போடக்கூடக் கூடாது. ஊரிலிருந்து சுமந்து வந்த கிரைண்டர் இங்கேயும் ஓடும். இரண்டு நாட்டிலும் மின்சாரம் 230 வோல்ட், பிளக் மட்டும்தான் வேறு. ஒரு ஞாயிறு காலை உளுந்தைப் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. சுவரைத் துளைக்கிறீர்களா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார் கீழ்வீட்டு அம்மாள். அன்றிலிருந்து மாவாட்டுவது சனிக்கிழமை பகலில். ஞாயிறு காலை இரண்டு இட்லி கீழே போகும். அவர் அதன் மேல் ஸ்ட்ராபெரி ஜாம் தடவிச் சாப்பிடுகிறார் என்பதை ஆச்சிக்கு இன்னும் சொல்லவில்லை.

பாட்டில் என்றதும் வீட்டு நிதிமந்திரியைச் சொல்லாமல் விடக் கூடாது. தண்ணீர் பாட்டில் வாங்கும்போதே 25 சென்ட் கூடப் பிடித்துக்கொள்வார்கள். காலி பாட்டிலைக் கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டால் அது திரும்பக் கிடைக்கும். இயந்திரத்தில் போடும் வேலை இளையவனுக்கு. பாட்டிலை வாய்க்குள் தள்ளுவான், அது கடகடவென்று உள்ளே இழுக்கும், கடைசியில் சீட்டு வரும். அந்தக் காசு உண்டியலுக்கு. வழியில் யாராவது பாட்டிலோடு போனால் அவர் குடித்து முடிக்கும் வரைக்கும் இவன் கண் எடுப்பதில்லை, அதுதான் கொஞ்சம் சங்கடம்.

காய்ச்சல் வந்தால் நம்ம ஊர்க்காரர்களுக்கு இந்த ஊர் பிடிக்காது. பிள்ளைகளுக்குக் காப்பீட்டுக் கட்டணம் தனியாக இல்லை, டாக்டருக்குக் காசு இல்லை, எழுதிக்கொடுக்கும் மருந்துக்கும் பதினெட்டு வயது வரை கைக்காசு இல்லை. ஆனால் டாக்டர் மருந்து எழுதினால்தானே! ஊசி இல்லை, கலர் கலராக மாத்திரை இல்லை. வெந்நீர், ஓய்வு, மூன்று நாள் கழித்து வாருங்கள். ஒரு ஊசியாவது போட்டால்தான் ஆஸ்பத்திரிக்குப் போன திருப்தி என்கிற குடும்பத்தில் பிறந்த நம்மாளுக்கு முதலில் மனசு கேட்கவில்லை. வீட்டில் சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்து அந்தக் குறையைத் தீர்த்துக்கொண்டார். பிள்ளைக்கு முடியாமல் போனால் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தலா, பிள்ளை ஒன்றுக்கு வருடம் 15 நாள் லீவு உண்டு. 2024-இலிருந்து இந்தக் கணக்கு. சம்பளத்தின் பெரும்பகுதியைக் காப்பீடு தந்துவிடும்.

இத்தனையும் இருந்தும் இல்லாதது ஒன்றுதான். ஆச்சி. பிள்ளையைச் சாயங்காலம் இரண்டு மணி நேரம் யார் மடியிலாவது விட்டுவிட்டுப் போக முடியாது. வீட்டுக்காரிக்கு மாலை ஷிப்டு என்றால், கிடங்கிலிருந்து வரும் நம்மாளும் ஆஸ்பத்திரிக்குப் போகும் அவளும் டிராம் நிறுத்தத்தில்தான் சந்திப்பார்கள். பிள்ளையின் கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாறும், கூடவே சாப்பாட்டு டப்பாவும் “தீயல் அடுப்பில் இருக்கு” என்ற ஒரு வரியும். டிராம் கிளம்பிவிடும். அரசாங்கம் கொடுக்கிற 259 யூரோவில் இதற்கு மருந்து இல்லை.

தமிழ் படிக்க வழி இருக்கிறது. ஜெர்மனியின் பல நகரங்களில் ஈழத்தமிழர்கள் தமிழாலயம் நடத்துகிறார்கள். பிள்ளைகள் அங்கே போய் எழுத்துப் படித்து, யாழ்ப்பாணத் தமிழும் பேசப் பழகிவிட்டார்கள். ஃபோனில் இளையவன் பேசுவதைக் கேட்டு ஆச்சி ‘தெனாலி’ படம் பார்த்த மாதிரிச் சிரிக்கிறாள். மரச்சீனிக் கிழங்கும் தேங்காய்த் துருவலும் கிடைப்பது அவர்கள் கடைகளில்தான். தேர் பார்க்கப் போவதும் அவர்கள் கோயிலுக்குத்தான். பக்கத்து ஊரான ஹம்மில், தொழிற்பேட்டைக்கு நடுவே, 2002-இல் கும்பாபிஷேகம் ஆன காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. கோபுரம் 17 மீட்டர். நம்ம தாணுமாலயன் கோபுரத்தின் 134 அடியோடு ஒப்பிட்டால் பாதிக்கும் கீழே. இருந்தாலும் ஐரோப்பாவில் இது பெரிய கோயில்களில் ஒன்று. கோடையில் தேர் ஓடும் நாளில் பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கில் ஜனம் வந்து வடம் பிடிக்கும். தீர்த்தமாடுவது சரக்குப் படகு போகும் கால்வாயில். மூத்தவள் வடத்தைத் தொட்டுவிட்டு, “நம்ம ஊரில் மூணு தேராமே?” என்று கேட்டாள்.

மூன்றுதான். அதைக் காட்டத்தான் நம்மாள் பஞ்சாங்கத்தையும் பள்ளிக்கூடக் காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பள்ளி நாளில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு விமானம் ஏறினால் இங்கே அபராதம் விழும். மார்கழித் திருவிழா சில வருடம் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குள் வரும், சில வருடம் ஜனவரி நடுவுக்குத் தள்ளிப்போகும். கோட்டாற்றுப் பிள்ளையாரும், மருங்கூர் முருகனும், வேளிமலைக் குமாரசுவாமியும் மூன்றாம் திருவிழாவில் மக்கள்மார் சந்திப்புக்கு வந்து, ஒன்பதாம் நாள் ராத்திரி அப்பா அம்மையைப் பிரிய மனசில்லாமல் போவார்களே, அவர்களுக்குப் பள்ளிக்கூட லீவுப் பிரச்சினை இல்லை, விமான டிக்கெட்டும் இல்லை. நம்மாளுக்கு இரண்டும் உண்டு. அடுத்து எந்த வருடம் தேதி பொருந்துகிறதோ அந்த வருடம் நாலு பேரும் வருகிறார்கள், மூன்றாம் திருவிழாவுக்கு முன்னாலேயே.

அதற்குள் யாராவது இந்தப் பக்கம் வருவதாக இருந்தால் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளுக்குப் புதுச்சட்டையும் பொம்மையும் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். நெய், பால்கோவா கொண்டுவரக் கூடாது; பால் பொருளுக்கு ஐரோப்பாவில் தடை. கருவேப்பிலையைத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் விடமாட்டார்கள். கருவாடு சட்டப்படி 20 கிலோ வரை கொண்டுவரலாம். சைவம் சாப்பிடும் ரத வீதிக்காரர்கள் இந்த வரியைத் தாண்டிவிடவும், மற்றவர்கள் வாடை தாங்குமா என்று விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டுக்கொள்ளவும். சான்றிதழ் இல்லாமல் அனுமதிக்கிற பழங்கள் மொத்தமே ஐந்து: அன்னாசி, தேங்காய், துரியன், பேரீச்சை, வாழை. ஆகவே 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம மட்டிப்பழத்தில் ஒரு சீப்பு, கொஞ்சம் செங்காயாகப் பார்த்து, தாராளமாகக் கொண்டுவாருங்கள். இளையவன் முதன்முதலில் தின்ற பழம் அதுதான். இங்கே எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை.